ஆம்பை விட்டுவிட்டு டெக்கைத் திறந்தேன்

இணையத்தில் பார்த்த ஒரு படம் ரொம்ப நாளாக மனசை விட்டுப் போகவில்லை. எழுபதுகளில் வந்த ஜப்பான் ரிசீவர் ஒன்று, அதாவது ரேடியோவும் ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில். வெள்ளி நிற அலுமினிய முகப்பு, வரிசையாகக் குமிழ்கள், ஸ்டேஷன் காட்டும் நீளமான கண்ணாடி, பக்கத்தில் இரண்டு முள் மீட்டர்கள். அடுத்த படத்தில் மேல்மூடியைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே ஆம்ப்ளிஃபயர் இல்லை. மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, வண்ண வண்ணமாக எரியும் மின்விசிறிகள். செய்தவர் கைதேர்ந்தவர்தான், பின்பக்கத் தகட்டை வெட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தார்: வால்யூம், பேஸ், டிரெபிள் குமிழ்கள் லொடலொடவென்று ஆடியதால் பின்னாலிருந்து பசை போட்டு ஒட்டிவிட்டாராம்.

அந்தப் பசைதான் என்னை உறுத்தியது. ஆம்ப்ளிஃபயரைக் குடைந்து எடுத்ததுகூட அவ்வளவாக இல்லை. பழைய ஹை-ஃபை சாமான்களை நேசிப்பவர்கள் இந்த மாதிரி வேலையைக் கொலை என்பார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. செம்புக்காக டிரான்ஸ்ஃபார்மரையும் அலுமினியத்துக்காகச் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கையும் பிடுங்கி, மிச்சத்தைத் தகரமாக எடைக்குப் போடும் காயலான் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கு, உள்ளே ஒரு கணினியோடு யாரோ ஒருவர் வீட்டில் இருப்பது எவ்வளவோ மேல். ஆனாலும் திருப்பினால் திரும்பாத ஒரு வால்யூம் குமிழை முகத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டி வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறது என்றால் ஏதோ சரியில்லை. என்ன சரியில்லை என்பதைத்தான் சொல்லத் தெரியவில்லை. இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. அதே வேலையைச் செய்ய நானும் பெட்டியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

சித்தப்பா எண்பதுகளின் நடுவில் குவைத்திலிருந்து வந்தபோது அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கியது அந்த அடுக்கு. கீழே ஆம்ப்ளிஃபயர், அதன்மேல் கேசட் ஓட்டும் டேப் டெக், அதற்கும் மேல் ரேடியோ பிடிக்கும் டியூனர். மூன்றுக்கும் ஒரே அகலம், 430 மில்லிமீட்டர். கும்பகோணத்து வீட்டில் அதற்கென்றே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி அடித்தார்கள். அதுவரைக்கும் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட டி-60 கேசட்டா தொண்ணூறு நிமிட டி-90ஆ என்று யோசித்து, ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எங்கள் தெரு. டெக் வந்தபிறகு சித்தப்பாதான் தெருவுக்கே ரெக்கார்டிங் சென்டர். சிவப்புக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் முள் ஆடும்படி அவர் ரெக்கார்டிங் குமிழைத் திருப்பி வைப்பதை நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். தொட அனுமதி கிடையாது.

சில வருடங்களுக்கு முன் வீட்டை ஒழித்துக்கொண்டு சென்னைக்கு வந்தபோது, "உனக்கு வேணும்னா எடுத்துக்கடா, இல்லன்னா எடைக்குப் போட்டுடு" என்றார். எடுத்துக்கொண்டேன். டியூனர் நன்றாக இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் பேசவில்லை, வால்யூமைத் திருப்பினால் கரகர என்றது. டெக்கில் பிளே அமுக்கினால் உள்ளே எங்கோ ஒரு முனகல், அத்தோடு சரி.

வீட்டுக் கணினிக்குப் பெட்டியாக எதை எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆம்ப்தான். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான பெட்டி கிடைக்காது. மினி-ஐடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவை வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது, 17 சென்டிமீட்டர் சதுரம். 430 மில்லிமீட்டர் அகலத்தில் அப்படி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தாலும் இடம் மிஞ்சும். மேல்மூடி முழுக்கச் சூடு வெளியேறக் கீற்றுக்கீற்றாக வெட்டியிருக்கிறார்கள். உள்ளே முழங்கை நீளத்துக்குக் கறுப்பு அலுமினிய ஹீட் சிங்க் தயாராக இருக்கிறது. 35 வாட் பிராசசர் ஒன்றை அதன் முதுகில் ஒட்டவைத்தால் மின்விசிறியே வேண்டாம். கணினிக்குப் பெட்டி விற்கும் கம்பெனிகளுக்கே இந்த ஆசை இருந்தது. இரண்டாயிரங்களின் நடுவில் ஆன்டெக் போன்றவர்கள் வரவேற்பறைக் கணினிக்கென்று பெட்டி செய்தபோது, முகப்பில் எழுத்து ஒளிரும் ஒரு ஜன்னலையும் பெரிய வால்யூம் குமிழ் ஒன்றையும் வைத்து, ஆம்ப்ளிஃபயர் மாதிரியேதான் செய்தார்கள். நகலை விலை கொடுத்து வாங்குவதற்கு அசலே வீட்டில் இருக்கிறதே என்பதுதான் என் நியாயம். ஒரு பக்கம் செத்துப்போன ஆம்ப், யாருக்கும் நஷ்டமில்லை.

இருந்தாலும் அந்தப் பசை. அதனால் ஆம்பையும் டெக்கையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். பழுது பார்க்க இல்லை. "இது இனிமே தேறாது" என்று விவரம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்டுவிட்டால் நிம்மதியாக ரம்பத்தை எடுக்கலாம் என்பதற்காக.

சீரீஸ் பல்பு

நரசிங்கபுரம் தெருப் பக்கம், மொபைல் உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கடை. பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். ஒரு பக்கம் பேசவில்லை, அதனால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கப்போகிறேன் என்று. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் பேசலங்கறீங்க. தொறந்து பாக்காம செத்துப்போச்சுன்னு யார் தம்பி சொன்னா?"

மூடியைக் கழற்றியதும் அவர் முதலில் பார்த்தது ஹீட் சிங்க்கில் என்ன திருகியிருக்கிறது என்பதை. "எஸ்டிகே இல்ல. டிரான்சிஸ்டர் செட்டு. கொடுத்துவச்சவர் நீங்க." பழைய ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். சான்யோ நிறுவனம் பவர் ஆம்ப்ளிஃபயரின் பெரும்பகுதியையும் ஒரே கறுப்புக் கட்டியாக, பின்னால் அலுமினியத் தகடு வைத்து, எஸ்டிகே என்ற பெயரில் விற்றது. எண்பதுகளின் ஸ்டீரியோக்களில் அது கணக்கில்லாமல் உண்டு. சான்யோவின் அந்தப் பிரிவு 2011இல் ஆன் செமிகண்டக்டர் கைக்குப் போனது. பழைய நம்பர்கள் இப்போது உற்பத்தியில் இல்லை. ஆனால் மார்க்கெட்டில் மட்டும் அதே நம்பர் அச்சடித்துக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருப்பது சின்ன சிப். மெதுவாக வைத்தால் பாடும், சத்தத்தைக் கூட்டினால் போய்விடும், போகும்போது ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். எஸ்டிகே போன செட் வந்தால் பாய் டூப்ளிகேட்டைத் தொடுவதில்லையாம். அதைத் தூக்கிவிட்டு 5200-1943 ஜோடி போட்ட டிரான்சிஸ்டர் போர்டு ஒன்றைப் பொருத்திவிடுவார். அதாவது, எஸ்டிகே செத்த ஆம்ப்கூட அவர் கணக்கில் செத்த ஆம்ப் இல்லை.

அப்புறம் சீரீஸ் பல்பை எடுத்தார். நம் ஊர் மெக்கானிக்குகளின் ஸ்டெதஸ்கோப் அது. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மின்சாரத்துக்கும் செட்டுக்கும் நடுவில் வரிசையாக இணைத்திருப்பார்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும், செட்டுக்கு ஒன்றும் ஆகாது. நன்றாக இருக்கும் ஆம்ப் என்றால், பவர் சப்ளையில் உள்ள பெரிய கண்டன்சர்கள் நிரம்பும் அந்த நேரத்துக்கு மட்டும் பல்பு பளிச்சென்று எரிந்து, உடனே மங்கிப்போகும். அவர் சுவிட்சைப் போட்டார். நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பளிச்சென்று எரிந்தது. மங்கியது. பிறகு உள்ளே மூன்று நான்கு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் "டக்" என்று ஒரு சத்தம்.

"கேட்டீங்களா? ரிலே விழுது. நான் நல்லாத்தான் இருக்கேன்னு அதுவே சொல்லுது."

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். இங்கே அது ஒரு காவல்காரன் வேலையைச் செய்கிறது. ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் உட்கார்ந்துகொண்டு, டிரான்சிஸ்டர்கள் நிலைக்கு வரும்வரை கதவைத் திறக்காது. வெளியே வரக் கூடாத டிசி வோல்டேஜ் வந்துகொண்டிருந்தால் திறக்கவே திறக்காது. ஆக, "டக்" என்றால் இரண்டு சேனலிலும் அந்த ஆபத்து இல்லை. பாய் சிரித்துக்கொண்டே ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரிலேயின் தலையில் லேசாகத் தட்டினார். கடையில் இருந்த இடது ஸ்பீக்கர் பேச ஆரம்பித்தது. விஷயம் அவ்வளவுதான். இத்தனை வருடம் ஓடியதில் ரிலேயின் தொடுமுனை கறுத்துப்போயிருந்தது. புது ரிலே ஒன்று, வால்யூம் கண்ட்ரோலுக்குள் இரண்டு பீச்சு கான்டாக்ட் கிளீனர். ஒரு குடும்பம் ஓட்டலுக்குப் போய்வரும் செலவுகூட ஆகவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு வந்ததோ ஏமாற்றம். அது செத்திருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. செத்த சாமான் என்றால் அதன் முகம் எனக்குச் சொந்தம், எனக்குத் தேவைப்பட்டது முகம் மட்டும்தான். பசை போட்டு ஒட்டிய மனிதரும் இங்கேதான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முகம்தான் சாமான் என்று முடிவுகட்டியபிறகு குமிழ் திரும்பினால் என்ன, திரும்பாவிட்டால் என்ன, ஆடாமல் இருந்தால் போதும். இங்கே பாயின் மேஜையில் இருந்ததோ, தட்டினால் பேசுகிற ஒரு ஆம்ப்ளிஃபயர். இனி அதை வெட்டினால், வேலை செய்கிற ஒன்றை வெட்டுகிறேன் என்று தெரிந்தே வெட்ட வேண்டும்.

அந்த நேரத்தில் பாய் டெக்கின் மூடியையும் கழற்றி, ஆம்புக்குப் பக்கத்தில் வைத்தார். "இதப் பாருங்க. பாதி காத்துதான்."

பாதிக் காற்று

இரண்டையும் மூடியில்லாமல் அருகருகே பார்த்தால் வித்தியாசம் முகத்தில் அடிக்கிறது. ஆம்பில் ஒரு இஞ்ச் வீணில்லை. டிரான்ஸ்ஃபார்மர், கண்டன்சர், ஹீட் சிங்க், போர்டு என்று நிறைந்து கிடக்கிறது. டெக்கிலோ கேசட் ஓடும் மெக்கானிசத்துக்கு நடுவில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு இடம், தரையோடு படுத்திருக்கும் ஒரு போர்டு, மூலையில் எலுமிச்சம்பழம் அளவில் டிரான்ஸ்ஃபார்மர். மற்றதெல்லாம் காலி. அடுக்கி வைத்தால் ஆம்போடு ஓரம் சேர வேண்டுமே என்பதற்காகத்தான் அதற்கும் 430 மில்லிமீட்டர் கொடுத்திருக்கிறார்கள்.

மெக்கானிசத்தின் கதை உண்மையிலேயே முடிந்திருந்தது. ரப்பர் பெல்ட்டுகள் உருகித் தாராகி, சக்கரங்களில் அப்பிக்கொண்டிருந்தன. பெல்ட் மாற்றலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் டேப்பைப் படிக்கும் ஹெட்டை மேலே தூக்கும் பிளாஸ்டிக் சக்கரம் விரிசல் விட்டு இரண்டாகியிருந்தது. ஹெட்டில் டேப் உரசி உரசி விரலால் தடவினால் தெரிகிற அளவுக்குப் பள்ளம். அந்தச் சக்கரம் கிடைக்காது என்று பாய் சொன்னார். நான் தேடியவரையிலும் கிடைக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஹை-ஃபை அடுக்கில் பாட்டைக் கொண்டுவருபவை சில, கொண்டுவந்ததைப் பெரிதாக்குவது ஒன்று. கொண்டுவருபவற்றுக்கு ஆயுள் அவை படிக்கும் பொருளோடு சரி. 1963இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியது, லூ ஆட்டன்ஸ் என்பவரின் குழு வடிவமைத்தது. அது போனதும் டெக்கும் போய்த்தான் ஆக வேண்டும். ஆம்புக்கு அந்தக் கவலை இல்லை. பின்னால் வருவது கேசட்டா, சிடியா, செல்போனா என்று அது கேட்பதே கிடையாது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1930களில் கொண்டுவந்த அதே சொருகியில் சின்னதாக ஒரு வோல்டேஜ் வந்தால் போதும், பெரிதாக்கிக் கொடுத்துவிடும். கணினியோ பாட்டைக் கொண்டுவரும் கூட்டத்தைச் சேர்ந்தது. அதை ஆம்பின் இடத்தில் வைப்பது ஆளே மாறிப்போகிற வேலை. டெக்கின் இடத்தில் வைத்தால், போனவன் இருந்த வேலையில் புதியவன் சேர்கிறான்.

கணினிக்கும் கேசட்டுக்கும் ஏற்கெனவே உறவு உண்டு என்பது இன்னொரு விசேஷம். வீட்டுக் கணினிகள் வந்த புதிதில் டிஸ்க் டிரைவ் வாங்க யாரிடமும் பணம் இல்லை. கேசட் ரெக்கார்டர்தான் சேமிப்புக் கிடங்கு. 1975 நவம்பரில் பைட் என்ற கணினிப் பத்திரிகை அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் கூட்டிய கூட்டத்தில், கேசட்டில் தகவலை எப்படிப் பதிவது என்று ஒரு பொது முறைக்கு வந்தார்கள். 1200 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் பூஜ்யம், 2400 ஹெர்ட்ஸ் என்றால் ஒன்று. விநாடிக்கு 300 பிட். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கம், முடிவு காட்டப் போகும் பிட்டுகளையும் சேர்த்தால், டி-60 கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பதிந்தாலும் 50 கிலோபைட் தேறாது. 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தில் இதைவிட வேகம் அதிகம், ஆனாலும் ஒரு விளையாட்டு ஏறுவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். ஹை-ஃபை கம்பெனிகள் மட்டும் சும்மா இருந்தார்களா? பயோனியரும் யமஹாவும் எம்.எஸ்.எக்ஸ். என்ற வகை வீட்டுக் கணினிகளே செய்து விற்றார்கள். பயோனியர் கணினி லேசர் டிஸ்க் பிளேயரை இயக்கும், யமஹா கணினிக்குள் சின்தசைசர் இருக்கும். ஆக, டெக்குக்குள் கணினி என்பது ஒட்டாத சம்பந்தம் ஒன்றுமில்லை.

ஆம்பை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

முள் ஆட வேண்டும்

மெக்கானிசத்தைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. தாத்தாவின் குரல் உள்ள கேசட், அத்தையின் நலங்குப் பாட்டு, சித்தப்பாவின் ரேடியோ பதிவுகள் என்று எங்களிடம் ஒரு பெட்டி உண்டு. நண்பர் வீட்டு டெக்கில் ஓட்டி எல்லாவற்றையும் கோப்புகளாக்கினேன். இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல்: ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகு ஒன்று இருக்கும், அஸிமுத் என்பார்கள். வேறொரு டெக்கில் பதிந்த கேசட் மந்தமாகக் கேட்டால் அதைத் துளித்துளியாகத் திருப்புங்கள். ஒரு புள்ளியில் ஜால்ரா சத்தம் சட்டென்று திறந்துகொள்ளும்.

கணினியாக எடுத்தது இன்டெல் என்100 போட்ட, உள்ளங்கை அளவுப் போர்டு. 2023இல் வந்த சிப், அறிவிக்கப்பட்ட மின்செலவு 6 வாட். பாட்டு, படம், எழுத்து வேலை, குடும்பப் புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் அதை மேலே துள்ளவிடாமல் கட்டிப்போட்டு, மின்விசிறியை எடுத்துவிட்டு, தடித்த அலுமினியத் தகடு ஒன்றின்மேல் அமர்த்தி, அந்தத் தகட்டை டெக்கின் அடித்தளத்தோடு திருகினேன். அடித்தளம் வெறும் இரும்புத் தகடு, அலுமினியம் அளவுக்கு வெப்பம் கடத்தாது. அதனால்தான் நடுவில் பரப்பிவிட ஒரு தகடு. சூட்டில் இன்னொரு சிக்கல், அடுக்கும் வரிசை. சித்தப்பா கனமான ஆம்பைக் கீழே வைத்திருந்தார். அதன் சூடு மேலே இருக்கும் டெக்குக்குள் போகும். கேசட் காலத்தில் அது பெரிய விஷயமில்லை, இப்போது விஷயம். ஆம்பை மேலே ஏற்றினேன்.

நான் பிடிவாதமாக இருந்தது ஒன்றில்தான். டெக்கின் மின்னணுப் போர்டைத் தொடுவதில்லை. காரணம் மீட்டர்கள். டெக் நின்றிருக்கும்போது, லைன்-இன் வழியாக வரும் ஒலி ரெக்கார்டிங் குமிழைத் தாண்டி, மீட்டர் முள்களை ஆட்டிவிட்டு, லைன்-அவுட்டில் வெளியேறும். ரெக்கார்ட் செய்யும் முன் அளவு பார்ப்பதற்கான ஏற்பாடு அது. எனக்கு வேண்டியதும் அதே. கணினியின் ஒலியை உள்ளுக்குள்ளேயே லைன்-இன்னில் கொடுத்தேன். லைன்-அவுட்டிலிருந்து பழைய கேபிள் ஆம்பின் டேப் சொருகிக்குப் போகிறது, 1980களில் போன அதே கேபிள். ரெக்கார்டிங் குமிழைத் திருப்பினால் சத்தம் கூடுகிறது, முள் ஆடுகிறது. ஒரு வரி நிரல் எழுதவில்லை. முள் மீட்டரைக் கணினியின் பிராசசர் வேலைப்பளு காட்டும்படி மாற்றுபவர்கள் உண்டு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் கீழே டெசிபல் என்று அச்சடித்திருக்கும்போது முள் வேறு எதையோ காட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

பொத்தான்களுக்குக் கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருந்தது. அதிர்ஷ்டவசமாக அவை பியானோக் கட்டை மாதிரி அமுக்கும் ரகம் இல்லை, தொட்டால் போதும் என்ற ரகம். பின்னால் இருப்பது சாதாரண சின்ன சுவிட்சுகள். அவற்றிலிருந்து வயர் இழுத்து, யுஎஸ்பி விசைப்பலகைபோல நடந்துகொள்ளும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் இணைத்தேன். பிளே என்றால் பாடும், பாஸ் என்றால் நிற்கும், ஃபார்வர்டு அடுத்த பாட்டு, ரீவைண்டு முந்தைய பாட்டு. ஸ்டாப்பை விடாமல் அமுக்கிப் பிடித்தால் கணினி முறைப்படி அணைந்துவிடும். பவர் பொத்தானைப் போட்டால் கணினியும் தானாக எழுந்துகொள்ளும்படி பயாஸில் வைத்திருக்கிறேன். அணைக்கும்போது முதலில் ஸ்டாப், பிறகு பவர் என்று வீட்டில் யாரிடமும் சொல்லிப் பயனில்லை, நேராகப் பவரைத்தான் அமுக்குகிறார்கள். போதாக்குறைக்கு மின்வெட்டு வேறு. அதனால் பாட்டு இருக்கும் டிரைவைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டேன்.

இரண்டு விஷயங்கள் தலைவலி கொடுத்தன. முதலாவது, தொட்டால் சுருக்கென்றது. பழைய ஹை-ஃபை சாமான்கள் பெரும்பாலும் இரண்டு பின் வயரோடு வருபவை, உள்ளே காப்பு நன்றாக இருப்பதால் எர்த் தேவைப்படாது. ஆனால் கணினிக்கான அடாப்டருக்குள், இரைச்சலை வடிகட்ட மின்சார லைனிலிருந்து வெளிப்பக்கத்துக்குச் சின்னக் கண்டன்சர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உலோகம் முழுக்க அந்தக் கசிவு மிதக்கும். மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆனால் புறங்கையால் தடவினால் தெரியும். மூன்று பின் வயர் மாற்றி எர்த்தை உடம்பில் திருகினேன். பிறகும் போகவில்லை. அப்புறம்தான் சுவரைச் சந்தேகித்தேன். அந்தப் பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. நம் ஊரில் இதைச் செய்யக் கிளம்புபவர்கள் கணினியைத் திறக்கும் முன் சுவரைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது, மவுசை நகர்த்தினால் ஸ்பீக்கரில் கீச்சென்ற சத்தம். கணினிக்கும் டெக் போர்டுக்கும் தனித்தனி மின்சாரம், இரண்டும் எர்த்தில் ஒருமுறை, ஒலி வயரின் உறையில் ஒருமுறை என்று சேர்ந்து வளையம் போட்டுக்கொள்கின்றன. கணினியின் உள்சலசலப்பெல்லாம் அந்த வளையத்தில் ஏறிவிடுகிறது. நடுவில் ஒன்றுக்கு ஒன்று விகித ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், சேனலுக்கு ஒன்று, போட்டதும் நின்றது. ஒலி காந்தப்புலமாகத் தாண்டிப் போகிறது, கம்பித் தொடர்பு அறுந்துவிடுகிறது. நூற்றாண்டு பழைய வித்தை.

கேசட் கதவுக்குப் பின்னால் என்ன வைப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேசட்டும் கணினியின் 2.5 இஞ்ச் எஸ்எஸ்டியும் ஏறக்குறைய ஒரே நீளம், 100 மில்லிமீட்டர். அதைப் பார்த்ததும் குஷியாகிவிட்டேன். அகலத்தில் எஸ்எஸ்டி 6 மில்லிமீட்டர் கூடுதல், கதவு மூடாது. குச்சி வடிவ எம்.2 டிரைவைக் கேசட் கூட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்கலாம், செய்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பொம்மை வேலையாகப் பட்டது, காலியாகவே விட்டுவிட்டேன். டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி சுவிட்சுக்கும் டேப் ரகம் மாற்றும் சுவிட்சுக்கும் இப்போது வேலை இல்லைதான். ஆனால் தட்டினால் டிக் டிக்கென்று நகர்கின்றன, ஒட்டவில்லை.

சித்தப்பா வந்தபோது பாட்டைப் போட்டுக் காட்டினேன். முதலில் மீட்டரைப் பார்த்தார், கை தானாகப் போய்க் குமிழை ஒரு மயிரிழை குறைத்தது. முள் சிவப்புக்கு முன்னால் நின்றது. "ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு டிவி பாக்ஸ் வாங்கியிருந்தா முடிஞ்சிருக்குமேடா" என்றார். உண்மைதான். என்100 போர்டு, நினைவகம், டிரைவ், அடாப்டர், சில்லறைச் சாமான்கள் என்று அதைப்போலப் பல மடங்கு ஆகியிருந்தது. தொகையை அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் அவர் ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"இது?"

"அதுக்கு இன்னும் வேலை குடுக்கல சித்தப்பா."

"ரெக்கார்டுன்னா ரெக்கார்டு பண்ணணும். டியூனர் இருக்குல்ல?"

அதற்கு மறுப்புச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆம்பின் பின்னால் ரெக்கார்ட்-அவுட் சொருகி சும்மாதான் இருக்கிறது. டியூனர் ஒலி அங்கே வரும். டெக்கின் லைன்-இன்னைக் கணினி பிடித்துக்கொண்டிருப்பதால், ரெக்கார்ட் அமுக்கினால் வெளிச் சொருகிக்கு மாற்றிவிடும் ரிலே ஒன்று போட வேண்டும். லைன்-அவுட்டிலிருந்து ஒரு கிளை பிரித்துக் கணினிக்குள் கொடுத்தால் கோப்பாகப் பதிந்துவிடும். ரிலேயைப் பாயிடமே வாங்கி வைத்திருக்கிறேன். சிக்கல் வேறு இடத்தில். கணினி ஓடும்போது அதன் பவர் சப்ளை கிளப்பும் இரைச்சலில், பக்கத்தில் இருக்கும் டியூனரில் மீடியம் வேவ் மொத்தமாகப் போய்விடுகிறது, எஃப்.எம்.மில் தூரத்து நிலையங்கள் எல்லாம் ஒரே உஸ். டியூனரை அலமாரியின் உச்சிக்கு மாற்றி, ஆன்டெனாவைப் பால்கனிக்கு இழுத்ததில் எஃப்.எம். பெருமளவு தேறியது. மீடியம் வேவுக்கு அடாப்டரின் இரு பக்க வயரிலும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது. சித்தப்பா ஃபோன் செய்யும்போதெல்லாம் "ரெக்கார்டு என்னாச்சு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.